நூற்று அறுபதில் ஒரு பங்கு

“நான் கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் குடுங்க சார். இந்த அறிக்கைல என் பேரு வேணாம்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என் முகத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னார். “லீவு கேளு. சம்பளம் கூட்டிக் கேளு. நாலு வார்த்தை சத்தமா பேசணும்னாலும் பேசிட்டு வா. பேர எடுக்கச் சொல்லி மட்டும் வாயத் தொறக்காத பாப்பா.”

அப்பா சாரின் காரை ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக. சாரை அழைத்துவரப் போகும் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஒரு தெரு முன்னால் இறக்கிவிடுவார். முதலாளியின் காரில் டிரைவர் மகள் வந்து இறங்கினால் நன்றாக இருக்காதாம். யாருக்கு நன்றாக இருக்காது என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் விட்ட கேள்விகள் என்னிடம் மூட்டை கணக்கில் கிடந்தன.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

“உக்காரும்மா. வந்ததும் வராததுமா என்ன இது?”

“உக்கார வரல சார்.”

“சரி, நின்னுக்கிட்டே பேசு. கால் உன்னோடது.”

எங்கள் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் கிடங்கோ தொழிற்சாலையோ கட்ட வேண்டுமென்றால், அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று ஓர் அறிக்கை கொடுத்தால்தான் சுற்றுச்சூழல் வாரியம் அனுமதி தரும். கட்டப் போகிறவரிடம் கூலி வாங்கிக்கொண்டு அந்த அறிக்கையை எழுதித் தருகிற நிறுவனம் எங்களுடையது. நிறுவனம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டாவது மாடியில் மூன்று அறை, வாசலில் போகிறவர் தலையில் தண்ணீர் சொட்டுகிற ஓர் ஏ.சி., நான்கு கணினி, நீள லென்ஸ் மாட்டிய ஒரு கேமரா. விலங்கியல் படித்த ஒருவர் களத்தில் இருந்து, கண்ட பறவைகளைப் படம் பிடித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘டிகிரி, அந்த ஸ்டேப்ளர எடு’, ‘டிகிரி, கீழ பார்சல் வந்திருக்கு.’

கடைசிப் பக்கத்தில் கையெழுத்தை முதல் நாளே வாங்கிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். ‘மேற்கண்டவை யாவும் என் நேரடி ஆய்வில் உண்மை எனச் சான்றளிக்கிறேன்’ என்று அச்சடித்திருக்கும். மேலே காண ஒன்றும் இருக்காது. ஆய்வே அன்றுதானே தொடங்குகிறது. “சேத்துல எறங்கினப்புறம் ஆள் கைக்குச் சிக்க மாட்டாங்கம்மா, இப்பவே போட்டுடு” என்பார் சார். கேள்வித்தாளைப் பார்க்கும் முன்பே மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் போட்டேன். மூன்று வருடத்தில் நான்கு முறை போட்டேன். முதல் அறிக்கையில் என் பெயரும் பட்டமும் அச்சான பக்கத்தை அப்பா ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, காரில் டிரைவர் பக்கத்து வெயில் மறைப்பில் செருகி வைத்தார். வெயிலுக்கு மறைப்பை இறக்கினால் நான் தெரிவேன். சார் ஒரு நாள் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு டிரைவரே” என்று சிரித்தாராம். அப்பா வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பையும் சேர்த்து அம்மாவிடம் சொன்னார்.

இனி கேமரா.

கேமராவின் தலையில் ஒரு டயல் இருக்கும். வேண்டிய முறைக்கு அதைத் திருப்பிக்கொள்ளலாம். எங்கள் கேமராவில் அது திரும்பாது. ‘சி-ஒன்’ என்ற இடத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கும். சி-ஒன் என்பது நாமே அமைப்புகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும் இடம். அதில் நிறுவனம் பதிந்து வைத்தது: ஷட்டர் திறந்திருப்பது நூற்று அறுபதில் ஒரு பங்கு நொடி, வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சர் பதினொன்று, ஒரு தடவை பிடித்தால் அங்கேயே நின்றுவிடுகிற போகஸ். பையில் ஓர் அட்டையும் இருக்கும். ‘எல்லாப் படங்களும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட வேண்டும். அமைப்புகளை மாற்றக் கூடாது.’

பசை போட்டவர் முக்காலி அண்ணன். எனக்கு முன்னால் களப்படங்கள் எல்லாம் அவர் எடுத்தவை. டீக்கடைக்குப் போனாலும் தோளில் கேமரா முக்காலியோடு போவார் என்பதால் அந்தப் பெயர். சேர்ந்த புதிதில் அவரிடம் கேட்டேன்.

“நூத்தி அறுபதுல பறக்கிற பறவ கலங்கிடாதாண்ணே?”

“கொக்கு நிக்கும்போது எடு. காக்கா குந்தும்போது எடு. பறக்கறத எதுக்கு எடுக்கற?”

“பறக்கிறதுதானே பறவ?”

“டிகிரி, பறவைய புடிக்கத்தான் சம்பளம்னு உனக்கு எவன் சொன்னான்? பாத்தாச்சுன்னு சொல்லத்தான் சம்பளம்.”

அப்போது அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். விதியில் இன்னொரு வரி உண்டு: தெளிவான படத்தில் அடையாளம் தெரிகிற பறவையை மட்டுமே பட்டியலில் சேர்க்கலாம். கண்ணால் கண்டது கணக்கில் வராது. இந்த வரியையும் அந்தப் பசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. படித்தவள் என்று பெயர்.

தெளிவாக எடுப்பது எப்படி என்று நானாகத்தான் கற்றுக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்தில் போனைப் பார்த்து, இலவசமாகச் சொல்லித் தருகிற எல்லோரிடமும் கற்றேன். சனிக்கிழமை கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டை மாடியில் புறாக்களை எடுத்துப் பழகினேன். டயல்தான் திரும்பாதே தவிர, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சக்கரத்தை உருட்டினால் ஷட்டர் எண் மாறும். நூற்று அறுபதை ஐந்நூறாக்கினேன். உடம்பு தெளிந்தது, சிறகு நுனி கலங்கியது. ஆயிரமாக்கினேன். இரண்டாயிரமாக்கினேன். இரண்டாயிரத்தில் புறா காற்றில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இறகின் தண்டுகூடத் தெரிந்தது. வெளிச்சம் போதாமல் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வந்தன. வரட்டும். புள்ளியைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். கலங்கியதை யாராலும் தெளிய வைக்க முடியாது. போகஸை, பறவை நகர நகரத் தொடர்ந்து வருகிற முறைக்கு மாற்றினேன். கண்ணில் வை, கண் தெளிந்தால் பறவை தெளிந்த மாதிரி என்று கற்றேன். பக்கத்து வீட்டு அக்கா, “புறாவ இவ்ளோ பாக்கறியே, ஒரு மாப்பிள்ளைய பாத்திருந்தா பேரன் எடுத்திருப்பா உங்கம்மா” என்றாள். அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு அழித்துவிட்டு, திங்கட்கிழமை நல்ல பிள்ளையாக நூற்று அறுபதில் கொக்கு எடுக்கப் போவேன்.

ரயில் பாதைக்கும் தொழிற்சாலைகளின் பின்சுவருக்கும் நடுவே ஒரு சதுப்பு. அதை மண் போட்டு நிரப்பிக் கிடங்கு வளாகம் கட்டப் போகிறார்கள். எண்பத்து நான்கு நாள் ஆய்வு. எண்பத்து இரண்டு நாள்வரை பட்டியலில் இருந்தவை காகம், மைனா, கொக்கு, நீர்க்காகம், தாழைக்கோழி. இவை எங்கும் இருக்கும். இவற்றுக்காக யாரும் கிடங்கை நிறுத்த மாட்டார்கள்.

எண்பத்து மூன்றாம் நாள் காலை, வடக்கு ஓரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் சரளைத் திட்டின் மேல் வெள்ளையாக ஏதோ இறங்கி மறைந்தது. பைனாகுலரில் பார்த்தேன். சின்ன ஆலா. மஞ்சள் அலகு, அதன் நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு, நெற்றியில் வெள்ளை. வாரியத்தின் காப்புப் பட்டியலில் இருக்கிற பறவை. அது கூடு கட்டும் இடத்தில் ஒரு கூடை மண்கூடப் போட முடியாது. எண்ணிப் பார்த்தேன். நான்கு இடத்தில் உட்கார்ந்திருந்தன. கூடு என்று ஒன்றுமில்லை, சரளையில் ஒரு சின்னக் குழி. அதில் முட்டை.

உட்கார்ந்திருப்பவை கல்லோடு கல்லாகக் கிடந்தன. எங்கள் லென்ஸுக்கு அவை கானலில் நெளிகிற வெள்ளைப் பொட்டுகள். கிட்டே போக ஓடைச் சேறு விடாது. விட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். ஆள் கிட்டே போனால் எழுந்து பறக்கும்; அந்த வெயிலில் கால் மணி நேரம் திறந்து கிடந்தால் முட்டை வெந்துவிடும். ஒரே வழிதான் இருந்தது. துணை மீன் பிடித்து வரும்போது ஓடைக்கு இந்தப் பக்கமாக, என் தலைக்கு நேராகத் தாழ்ந்து வரும். அப்போது அலகையும் நெற்றியையும் எடுத்துவிட வேண்டும்.

கரையில் குப்புறப் படுத்தேன். சக்கரத்தை உருட்டி ஷட்டரை இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுபோனேன். அபெர்ச்சரை முழுக்கத் திறந்தேன். போகஸைத் தொடரும் முறைக்கு மாற்றினேன். முழங்கையைச் சேற்றில் ஊன்றினேன். மூன்று வருடத்தில் முதன்முறையாக அந்தக் கேமராவை அது எதற்குச் செய்யப்பட்டதோ அதற்காகப் பிடித்தேன்.

நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கொசு கடித்ததையோ ஈரம் ஏறியதையோ எழுதி என்ன ஆகப் போகிறது. ஆலா வந்தது. வாயில் குறுக்கே வெள்ளி மீன். ஒரு கணம் என் எதிரே காற்றில் நின்று சிறகடித்தது, திரும்பியது, இறங்கியது. கண்ணை விடாமல் அழுத்தினேன். பதினான்கு படம். ‘முடிஞ்சுது, உன்னால முடிஞ்சுது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

பதினான்கும் கலங்கல். வெள்ளைத் துணி ஒன்று காற்றில் இழுபடுவது போல. அலகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை. மஞ்சளா, கறுப்பா, மீனா என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. படத்தின் அடியில் எண்: நூற்று அறுபதில் ஒரு பங்கு. பதினான்கிலும் அதே எண்.

நான் மாற்றியிருந்தேன். என் கட்டைவிரலால் மாற்றினேன். ஆனால் சி-ஒன்னில் நாம் செய்கிற மாற்றம் தற்காலிகமானது. கேமரா சும்மா இருந்தால் ஒரு நிமிடத்தில் தூங்கிவிடும். தூங்கி எழுந்தால் பதிந்து வைத்ததற்கே திரும்பிவிடும். மாடியில் புறாக்கள் என்னைச் சும்மா இருக்க விட்டதில்லை. கேமரா அங்கே ஒரு முறைகூடத் தூங்கியதில்லை. ஆலாவுக்குத்தான் நான் காத்திருந்தேன். கண் வைத்துப் பார்க்கிற இடத்திலேயே, அடியில், எண் தெரியும். நான் எண்ணைப் பார்க்கவில்லை. அலகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மதியம்வரை படுத்திருந்தேன், விரலால் பொத்தானைத் தட்டித் தட்டிக் கேமராவைத் தூங்க விடாமல். காற்று திசை மாறிவிட்டது. ஆலாக்கள் மறுபக்கமாக வந்து போயின.

இதற்கு மேல் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். சாருக்குப் போன் செய்தேன். சந்தோஷமாகச் செய்தேன். “சார், சின்ன ஆலா. நாலு கூடு. இன்னைக்குப் படம் கலங்கிடுச்சு, நாளைக்கு எடுத்துடுவேன்.”

“சபாஷ்ம்மா,” என்றார். “எந்த ஓரத்துல?”

எந்த ஓரம் என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை சதுப்பு வாசலில் இருந்த காவலாளி என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. “ஆய்வு முடிஞ்சுதுன்னு நேத்து ராத்திரியே மெயில் வந்துடுச்சேம்மா. உனக்குச் சொல்லலையா?”

“இன்னும் ஒரு நாள் இருக்கு.”

“எனக்கு என்ன தெரியும்? உள்ள விடாதன்னா விடக் கூடாது. என்னைப் பாத்து ஏன் மொறைக்கற, நானா மெயில் அனுப்பினேன்?”

அவருக்குப் பின்னால், கம்பி வலைக்கு உள்ளே, மண் லாரிகளுக்குப் பாதை போடச் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோடு வடக்கு ஓரத்துக்குப் போயிற்று.

அலுவலகத்துக்கு வந்து முக்காலி அண்ணன் மேஜையில் கேமராவை வைத்தேன். “தூங்கி எழுந்தா மாறிடும்னு உங்களுக்குத் தெரியும்லண்ணே?”

அவர் பசை போட்ட டயலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீ மாத்துவேன்னு நான் கண்டேனா?”

“சனிக்கிழமை சனிக்கிழமை கேமராவ தூக்கிட்டுப் போனேனே. அது எதுக்குன்னு நெனச்சீங்க, சாம்பிராணி போடவா?”

அவர் சாரின் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எட்டு வருஷம் முன்னாடி நானும் ஒண்ணு தெளிவா எடுத்தேன். ஆலா இல்ல, வேற. அந்த வேலை நம்ம கைய விட்டுப் போச்சு. வேற கம்பெனி எடுத்து, வேற அறிக்கை எழுதி, அங்க இப்ப டயர் கோடவுன் இருக்கு. அடுத்த வாரம் சார் பசை வாங்கிட்டு வரச் சொன்னார். நான் போய் வாங்கிட்டு வந்தேன். கடைல சில்லறை இல்லன்னு ரெண்டு டியூபா குடுத்தான்.” இன்னொரு டியூப் மேஜை இழுப்பறையில் இன்னும் இருந்தது. திறந்து காட்டினார். எதற்குக் காட்டினார் என்று தெரியவில்லை. கல்லாகியிருந்தது.

அதனால்தான், அன்றிரவு வீட்டில் அப்பாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை சாரின் அறையில், உட்காராமல் நின்றுகொண்டு, கடைசிப் பக்கத்தைக் கேட்டேன்.

“பறவைய பட்டியல்ல சேத்துடுங்க சார். பேரு இருக்கட்டும். இல்லன்னா பேர எடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

“படம் தெளிவா இருந்திருந்தா நானே சேத்திருப்பேம்மா.” அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. “விதி அப்படி இருக்கே. நாளைக்கு வாரியம் கேட்டா, இந்தக் கோழி றெக்கைய காட்டியா நான் நிப்பேன்?”

“தெளிவா எடுக்க விடாம பசை போட்டது யாரு?”

“ஒரே அளவுகோல் வேணும்ல? ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்தா அது ஆய்வா?” அவர் முன்னால் குனிந்தார். “நான் எங்கேயாவது பொய் எழுதுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கேனா? சொல்லு. ஒரு நாள்?”

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம். மூன்று வருடமாக நான் பொய்யே எழுதாமல் பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முந்திய மூன்று அறிக்கைகளிலும் ‘அடையாளம் காண இயலாதவை’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் எத்தனை பறந்து போயிற்றோ, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

“பேரு வேணாம் சார்,” என்றேன் மறுபடியும்.

சார் இழுப்பறையைத் திறந்தார். கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்து என் பக்கமாக மேஜையில் தள்ளினார். அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“எடுத்துக்கோ. கிழிச்சுப் போட்டுட்டு வேற வேலையப் பாரு.” அதே இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். விண்ணப்பங்கள். மேலே இருந்ததில் ஒரு பெண்ணின் படம். எண்ணெய் வைத்து வாரிய தலை, மூன்று வருடம் முன்னால் நான் இருந்த மாதிரியே முகம். “விலங்கியல். முதல் வகுப்பு. அப்பா சுமை தூக்கறவர். மதியம் ரெண்டு மணிக்கு வரச் சொன்னா ஒண்ணரைக்கே வந்து வாசல்ல நிக்கும். நாலு மணிக்கு அறிக்கை வாரியத்துக்குப் போகணும். திங்கக்கிழமை லாரி வருது. நீ பேர எடுத்தா என்ன மாறப் போகுதுன்னு நீயே சொல்லு, படிச்ச பொண்ணு.”

ஒன்றும் மாறாது. என் கை காகிதத்தின் மேல் இருந்தது. கிழித்தால் நான் சுத்தம். நான் மட்டும் சுத்தம். அந்தப் பெண் ஒன்றரைக்கு வருவாள். முதல் நாளே கையெழுத்துப் போடுவாள். ஒரு நாள்கூடப் பார்க்காத சதுப்புக்குச் சான்று கொடுப்பாள். வீட்டில் யாரோ அதை லேமினேட் செய்வார்கள். ஆலாவைப் பார்த்தவள் நான் ஒருத்தி. அறிக்கையில் நான் இல்லையென்றால், நான் பார்த்ததை வாரியத்தில் யாரிடம் போய்ச் சொன்னாலும், ‘நீ யாரும்மா’ என்பார்கள். வேலையை விட்டுப் போனவளின் வயிற்றெரிச்சல் என்று சார் சொல்வார். நம்புவார்கள்.

அறிக்கையில் என் பெயர் இருந்தால், அது என் அறிக்கை. இது பொய் என்று சொல்ல அதில் கையெழுத்துப் போட்டவளுக்கு மட்டும்தான் வாய் உண்டு.

“படத்தோட எண் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகும் சார்,” என்றேன்.

“என்ன எண்?”

“ஒண்ணுமில்ல.” காகிதத்தை அவர் பக்கமாகத் திருப்பித் தள்ளினேன். “வேணாம் சார். வெச்சுக்கங்க. என் பேரே இருக்கட்டும்.”

சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு மூச்சு விட்டுச் சிரித்தார். “இப்பதான் படிச்ச புள்ள மாதிரி பேசுற. உங்கப்பாதான் காலைல கார்ல மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு இருந்தார். கீழ போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா.” பக்கத்தை எடுத்து, மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரம் சரிசெய்து, அறிக்கையின் அடியில் வைத்தார்.

வெளியே முக்காலி அண்ணன் நின்றிருந்தார். கதவுக்குக் காது கொடுத்திருந்தார் என்று அவர் முகமே சொன்னது.

“அடங்கிட்டியா டிகிரி?”

“கேமராவ உங்க மேஜைல வெச்சிருக்கேன். பதினாலு படத்தையும் நான் காப்பி எடுத்துக்கிட்டேன். முந்தின மூணு ஆய்வோட படங்களும் என்கிட்ட இருக்கு. எல்லாம் நூத்தி அறுபது.”

அவருக்கு உடனே புரிந்தது. படம் தெரிந்தவர் யாருக்கும் புரியும். பறவை எடுக்கப் போனவள் மூன்று வருடம், ஒரு படம் தவறாமல், பறவைக்கு ஆகாத ஓர் எண்ணில் எடுத்திருக்கிறாள் என்றால் அது கைத்தவறு இல்லை. கலங்கிய ஆலா ஆலாவுக்குச் சாட்சி சொல்லாது. எங்களுக்கு எதிராகச் சொல்லும்.

“பைத்தியமா உனக்கு?” என்றார் மெதுவாக. “முதல்ல மாட்டறது கையெழுத்துப் போட்ட ஆளு. இனி ஒரு அறிக்கைலயும் உன் பேரு வராது. எங்கேயும்.”

“தெரியும்.”

“மனு குடுத்தா அவங்க படிக்கவே ஏழு மாசம் ஆகும். முட்டை மூணு வாரத்துல பொரியும். அதுக்குள்ள லாரி...”

“அதுவும் தெரியும்ணே. நீங்க சொல்லித்தான் தெரியணுமா?”

அவர் வழியை விட்டு விலகினார். விலகும்போது முக்காலியின் கால் ஒன்று என் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டது. அவரே குனிந்து எடுத்துவிட்டார்.

கீழே அப்பா காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கேட்டுட்டியா?”

“கேட்டேன். அப்புறம் வேணாம்னு சொல்லிட்டேன். பேரு இருக்கும்.”

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. “அதானே,” என்றார். “எனக்குத் தெரியும். கோவம் இருக்கும், ஆனா கூறு கெட்டவ இல்ல நீன்னு உங்கம்மாகிட்டகூட...”

“அப்பா. அந்தப் பேர வெச்சுத்தான் இப்ப வாரியத்துல எழுதிக் குடுக்கப் போறேன். அறிக்கை பொய்னு. முந்தின மூணும் நம்பற மாதிரி இல்லன்னு. கையெழுத்துப் போட்டது நான்தான்னு.”

அப்பா தோளிலிருந்த துணியை எடுத்தார். துடைத்து முடித்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பத்தொன்பது வருடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“நான் கொண்டுபோய் விட முடியாது,” என்றார் கடைசியில். “இது சார் வண்டி.”

“கேக்கலப்பா.”

“உங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ.”

“சொல்றேன்.”

அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். நல்ல வெயில். கை தன்னால் மறைப்பைத் தேடிப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. வெயில் முகத்தில் அடிக்க, மறைப்பை இறக்காமல், அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி பதினொன்றே கால். வாரியத்தில் மனு வாங்குகிற ஜன்னலைப் பன்னிரண்டரைக்கு மூடிவிடுவார்கள். வாசலில் ஏ.சி. தண்ணீர் வழக்கம் போல என் தலையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் வெளியே வந்து, இடது பக்கம் திரும்பி நடந்தேன்.